ஒரு சொட்டு தண்ணி சேர்க்காம தர்பூசணி ஐஸ் ட்ரிங்க்

எல்லாருக்கும் வணக்கம். வெயில் ஆரம்பிச்சாச்சு, அதனால இன்னைக்கு தர்பூசணி, எலுமிச்சை, புதினா மூணையும் வெச்சு ஜில்லுன்னு ஒரு ட்ரிங்க் பண்ணப் போறோம். ஒரே ஒரு கண்டிஷன்தான். இதுல ஒரு சொட்டு தண்ணி கூட சேர்க்கக் கூடாது. ஐஸ் கட்டியும் கிடையாது. ஐஸ் இல்லாம எப்படி ஐஸ் ட்ரிங்க்னு கேப்பீங்க. பழத்தையே ஐஸாக்கிடப் போறோம்.

எதுக்கு இவ்ளோ பிடிவாதம்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா எந்தப் பழத்துலயும் நீங்களே பண்ணிக்கலாம். ஐஸ் போட்டா ஜூஸ் ஏன் குளிருது? ஐஸ் சில்லுன்னு இருக்கறது ஒரு சின்ன காரணம்தான். பெரிய காரணம், அது உருகறது. 1 கிராம் ஐஸ் உருகி தண்ணியாகணும்னா 334 ஜூல் வெப்பம் வேணும். அந்த வெப்பத்தை அது உங்க ஜூஸ்ல இருந்துதான் எடுத்துக்கும். அப்போ ஐஸ் உருகினாத்தான் ஜூஸ் குளிரும், உருகின ஐஸ் பூரா ஜூஸ்லதான் கலக்கும். கணக்கு போட்டுப் பாருங்க. 30 டிகிரில இருக்குற 200 மில்லி ஜூஸை 5 டிகிரிக்கு கொண்டு வர, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் 50 கிராமுக்கு மேல உருகணும். நாலு பங்கு ஜூஸுக்கு ஒரு பங்கு தண்ணி! குடிச்சு முடிக்கறதுக்குள்ள மிச்ச ஐஸும் கரைஞ்சிடும். கடைசி வாய் சப்புன்னு போறது அதனாலதான். நல்ல பழமா தேடி வாங்கி, வெட்டி, விதை எடுத்து, அப்புறம் அதுல தண்ணியைக் கலக்கறதுக்கு எனக்கு மனசே வராது. ஐஸே தர்பூசணியா இருந்துட்டா, அது எவ்வளவு உருகினாலும் டம்ளர்ல இருக்கறது தர்பூசணிதான்.

சரி, பழத்துக்கு வருவோம். முழுப் பழமா வாங்கறீங்கன்னா அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. தரையில படுத்து வளர்ந்த இடத்துல ஒரு திட்டு இருக்கும். அது நல்ல மஞ்சளா இருந்தா பழம் கொடியிலயே முத்தியிருக்குன்னு அர்த்தம். வெள்ளையா, வெளிர் பச்சையா இருந்தா சீக்கிரமே பறிச்சிட்டாங்க. தர்பூசணியை பறிச்ச பிறகு வீட்டுல வெச்சா இனிப்பு கூடாது, அதனால வாங்கும்போதே பார்த்துக்கறது முக்கியம். அப்புறம் ஒரே அளவுல ரெண்டு பழம் இருந்தா கனமானதை எடுங்க. அதுலதான் சாறு அதிகம்.

வெட்டறதுக்கு முன்னாடி மேல் தோலை ஓடுற தண்ணில நல்லா தேய்ச்சு கழுவுங்க. தோலைத்தான் தூக்கிப் போடப் போறோமே, எதுக்குக் கழுவணும்னு நிறைய பேர் விட்டுடுவாங்க. தோல் மேல இருக்குற மண்ணும் கிருமியும் கத்தியோட சேர்ந்து உள்ள இறங்கும். தர்பூசணில புளிப்பு ரொம்பக் கம்மி, அதனால கிருமி ஈஸியா வளரும். வெட்டின பழத்தை 2 மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்காதீங்க. 32 டிகிரிக்கு மேல வெயில் அடிக்குதுன்னா 1 மணி நேரம்தான். ஃப்ரீசர்ல வெச்சா கிருமி செத்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது சரியில்ல. குளிர்ல அது சும்மா தூங்கும், அவ்ளோதான்.

நாலு பேருக்கு அளவு சொல்றேன். தோலும் விதையும் எடுத்த சதை 1 கிலோ. அதை ரெண்டு பாதியா பிரிச்சுக்கங்க. ஒரு அரை கிலோவை இந்த மாதிரி சின்னச் சின்ன சதுரமா வெட்டுங்க, 2 சென்டிமீட்டர் இருந்தா போதும். ஒரு தட்டுல பட்டர் பேப்பர் விரிச்சு, துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி, ஃப்ரீசர்ல வைங்க. டப்பால மொத்தமா கொட்டி வெச்சீங்கன்னா எல்லாம் ஒரே கட்டியா இறுகிடும், மிக்ஸி பிளேடு பாவம். பரப்பி வெச்சா சீக்கிரமாவும் உறையும். 4, 5 மணி நேரம் ஆகும், ராத்திரியே வெச்சுட்டா இன்னும் நல்லது. இன்னொரு அரை கிலோவை மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க. இதுவும் சில்லுன்னு இருக்கணும், இல்லன்னா அடிக்கும்போது உறைஞ்ச துண்டெல்லாம் உருகிடும்.

இங்க பாருங்க, இது நேத்தே வெச்சது. கைல எடுத்தா கெட்டியா இருக்கு, ஆனா கத்தியால அழுத்தினா இறங்குது பாருங்க. 100 கிராம் தர்பூசணில ஏறக்குறைய 91 கிராம் தண்ணிதான். மிச்சத்துல பெரும்பாலும் சர்க்கரை. சர்க்கரை கலந்த தண்ணி ஃப்ரீசர்ல முழுசா இறுகாது, நடுவுல கொஞ்சம் பாகு உறையாமலே நிக்கும். அதனாலதான் இது வெறும் ஐஸ் மாதிரி கல்லா இருக்கறதில்ல.

இப்போ இந்த ட்ரிங்க்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. எலுமிச்சை. எல்லாரும் சாறை மட்டும் பிழிஞ்சிட்டு தோலைப் போட்டுடறாங்க. புளிப்பு சாறுல இருக்கு, சரி. ஆனா எலுமிச்சையோட வாசனை தோல்லதான் இருக்கு. மேல் தோல்ல குட்டிக் குட்டிப் பையா எண்ணெய் இருக்கும், அதுதான் அந்த மணம். ரெண்டு பழத்தை நல்லா கழுவித் துடைச்சிட்டு, துருவல்ல மேல் தோலை மட்டும் லேசா தேய்ங்க. நிறம் இருக்குற வரைக்கும்தான். வெள்ளைப் பகுதி தெரிஞ்ச உடனே நிறுத்திடுங்க, அது கசக்கும். இந்தத் துருவலோட 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை போட்டு விரலால நல்லா தேய்ச்சு விடுங்க. ஒரு நிமிஷத்துலயே சர்க்கரை ஈரமாகிடும். எண்ணெய் முழுக்க சர்க்கரைல ஏறிடுச்சு. இப்போ வர்ற வாசனையை வீடியோல காட்ட முடியலையேன்னு வருத்தமா இருக்கு!

இதை அரை மணி நேரம் மூடி வெச்சுட்டு, அப்புறம் 3 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறை ஊத்திக் கலக்குங்க. சர்க்கரை சாறுலயே கரைஞ்சிடும். பாகு காய்ச்ச வேண்டாம், அடுப்பே வேண்டாம், தண்ணியும் வேண்டாம். சர்க்கரையை நேரா மிக்ஸில போட்டா என்னன்னா, குளிர்ல சர்க்கரை மெதுவாத்தான் கரையும், நறநறன்னு அடில தங்கிடும். அதுக்குத்தான் இந்த வழி. கடைசில ஒரு வடிகட்டில வடிச்சிடுங்க.

அடிக்கலாம். முதல்ல ஃபிரிட்ஜ்ல இருந்த பழத்தை மட்டும் மிக்ஸில போட்டு ரெண்டே சுத்து. ரொம்ப நேரம் ஓடவிட்டா காத்து கலந்து நுரையா நிக்கும், நிறமும் வெளிறிடும். தப்பித் தவறி ஒரு விதை மாட்டியிருந்தா அதுவும் பொடியாகி நாக்குல மண்ணு மாதிரி படும். இதை நான் வடிகட்ட மாட்டேன். தர்பூசணிக்கு சிவப்பு குடுக்குறது லைகோபீன். அது தண்ணில கரையாது, சதையோடதான் ஒட்டியிருக்கும். நைஸா வடிச்சீங்கன்னா நிறமும் ருசியும் சல்லடைலயே நின்னுடும்.

இப்போ அந்த எலுமிச்சைப் பாகுல முக்கால்வாசி ஊத்துங்க. ரெண்டு சிட்டிகை உப்பு. உப்பு போடறது உப்புக் கரிக்கறதுக்கு இல்ல. அது மெல்லிய கசப்பை அடக்கிடும், அப்போ இனிப்பு தானா முன்னாடி வரும். ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்க. கொஞ்சம் தூக்கலா இனிக்குதா? சரியா இருக்கு, அப்படித்தான் இருக்கணும். நாக்குல இனிப்பை உணர்ற அமைப்பு சூட்டுலதான் சுறுசுறுப்பா வேலை செய்யும், குளிர்ல மந்தமாகிடும். ஐஸ்கிரீம் உருகின பிறகு குடிச்சா திகட்டற அளவுக்கு இனிக்கும் பாருங்க, அதே கதைதான். அதனால உறைஞ்ச துண்டு போடறதுக்கு முன்னாடி அளவா இனிக்கற ஜூஸ், போட்ட பிறகு புளிப்பாத்தான் தெரியும்.

உறைஞ்ச துண்டை ரெண்டு தடவையா போடுங்க. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டணும். ஓட்டு, நிறுத்து, ஒரு கரண்டியால மேல இருக்கறதை கீழ தள்ளு, மறுபடி ஓட்டு. தொடர்ந்து ஓட்டினா மோட்டார் சூடு, பிளேடு உரசற சூடு எல்லாம் சேர்ந்து வெறும் ஜூஸாகிடும். இதோ... பாருங்க, கெட்டியா, பொடிப் பொடியா, கரண்டில எடுத்தா மெதுவா சரியுது. இந்தப் பதம்தான். ரொம்ப இறுகலா இருந்தா ஒரு நிமிஷம் அப்படியே விடுங்க, தானா இளகும். அவசரப்பட்டு தண்ணி ஊத்திடாதீங்க.

புதினாவை மிக்ஸில போட வேண்டாம்னு சொல்லுவேன். அரைச்சா சிவப்புல பச்சை கலந்து பழுப்பா ஆகிடும், இலைல ஒரு கசப்பும் இறங்கும். 12 இலை எடுத்து, உள்ளங்கைல வெச்சு இப்படி ஒரு தட்டு. அவ்ளோதான், மணம் வந்தாச்சு. ஒவ்வொரு டம்ளர்லயும் அடில ரெண்டு, மேல ஒண்ணு. புதினா வாசனைக்கு மட்டும் இல்ல. புதினால இருக்குற மென்தால், குளிரை உணர்ற அதே நரம்பு உணர்வியைத் தூண்டி விடும். அதாவது டம்ளர்ல ஒரு டிகிரி கூட குறையல, ஆனா வாய் குளிருதுன்னு நினைக்கும். இந்த உணர்வியை மென்தால் வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. அதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021ல மருத்துவ நோபல் கிடைச்சுது. எனக்கு இதைப் படிச்சதுல இருந்து புதினா மேல தனி மரியாதை.

டம்ளரை ஒரு 15 நிமிஷம் முன்னாடியே ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. கண்ணாடில இருக்குற சூடே கொஞ்சம் ட்ரிங்க்கை உருக்கிடும்.

மத்த பழத்துலயும் பண்ணலாமான்னா, தாராளமா. ஆனா பழத்துல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்த்து எடுங்க. ஸ்ட்ராபெர்ரில 91 சதவீதம் பக்கம், ஆரஞ்சுல 87, ரெண்டுமே நல்லா பொடியாகும். திராட்சையைக் கழுவித் துடைச்சு முழுசாவே உறைய வெச்சு டம்ளர்ல போடலாம், ஐஸ் கட்டிக்கு பதிலா அருமையா இருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் முழுசா குடுக்காதீங்க, தொண்டைல சிக்கும், நீளவாக்குல நாலா நறுக்கிக் குடுங்க. மாம்பழம் கெட்டியா வரும், அதோட ஆரஞ்சு சாறு சேர்த்தா இளகும். வாழைப்பழத்துல தண்ணி 75 சதவீதம்தான், அது கிரீம் மாதிரி ஆகிடும், இந்த வேலைக்கு வேண்டாம். அன்னாசியை பாலோட சேர்க்காதீங்க. அதுல இருக்குற புரோமலின்ங்கற நொதி (என்சைம்) பால் புரதத்தை உடைச்சு கசக்க வெச்சிடும்.

சோடா? அதுவும் தண்ணிதான். ஆனா பிடிக்கும்னா, நல்லா குளிர்ந்த சோடாவை கடைசில, டம்ளர் ஓரமா, கொஞ்சமா ஊத்துங்க. பொடி ஐஸ் மேல நேரா ஊத்தினா அந்த சொரசொரப்புல பட்டு கேஸ் பூரா பொங்கி வெளிய போயிடும்.

மிஞ்சினா ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, உருகி சதை தனியா, தண்ணி தனியா பிரிஞ்சிடும். அகலமான டப்பால ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சுட்டு, அரை மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால ஓரத்துல இருந்து கிளறி விடுங்க. ஒரு நாலு தடவை கிளறினா, பொல பொலன்னு ஸ்பூன்ல அள்ளி சாப்பிடற பதத்துக்கு வந்துடும். எடுத்து வெச்சிருந்த அந்த கால்வாசி எலுமிச்சைப் பாகு இருக்குல்ல, அதை மேல ஊத்திக்கங்க.