ஜுமேரா மணலில் கட்டுச்சோறு

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கடற்கரையில் கொண்டாடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். துபாயில் பல காலம் குடியிருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன் என்பதால் என்னை அழைத்திருக்க வேண்டும்.

கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்துவிட்டு, “காசு கொழுத்துப்போய்க் கடற்கரையில் கேக் வெட்டுகிறார்கள்” என்று இங்கே முணுமுணுப்பவர்கள் உண்டு. நிலவரம் அப்படியன்று. இரண்டு அறை வீட்டில் ஓர் அறையை இன்னொரு குடும்பத்துக்கு விட்டு வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறவன், வருகிற கூட்டத்தை எங்கே உட்காரவைப்பான்? ஹோட்டல் அரங்கு என்றால் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிவிடுவார்கள். துபாயின் ஜுமேரா கடற்கரை மணலில் யாரும் தலையை எண்ணுவதில்லை.

ஆனால் பிறக்கிற மாதம் பார்த்துப் பிறக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பொழுது சாய்ந்த பிறகும் காற்று பிசுபிசுக்கும். ஆடியில் பிறந்த பிள்ளைக்கு அங்கே கடற்கரை யோகம் கிடையாது. என் மகள் தை மாதம், பூச நட்சத்திரம். பிழைத்துக்கொண்டாள்.

தேதி எதுவானாலும் கொண்டாட்டம் விடுமுறை நாளில்தான். 2022 ஜனவரிக்கு முன் அங்கே விடுமுறை வெள்ளியும் சனியும்; பிறகு சனியும் ஞாயிறும். என் அம்மாவுக்கு, பேத்திக்கு அவள் ஆச்சி, இந்தக் கணக்கு ஒன்றும் ஒப்பாது. பூசத்தன்று நெல்லையப்பர் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு புறப்படும்போதே, காலை ஆறு மணிக்குப் போன் செய்துவிடுவாள். அங்கே நாலரை மணி. “பிள்ளைக்கு எண்ணெய் வைத்தாயா?” என்பதுதான் முதல் கேள்வி. நட்சத்திரத்துக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, விடுமுறைக்கு ஒன்று என்று மகள் மூன்று பிறந்தநாள் கண்டாள்.

கடற்கரை என்றதும் ஆச்சி முகம் சுளித்ததற்கும் காரணம் உண்டு. உள்நாட்டு நெல்லைக்காரர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூரில் முழுக்குப் போட்டு நாழிக்கிணற்று நன்னீரைத் தலையில் ஊற்றிக்கொள்வது. உவரியில் ஓலைப்பெட்டியில் கடல்மண் சுமந்து சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்துவது. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம். “பிறந்தநாளுக்கு யாராவது கடலுக்குப் போவார்களா?” என்று அவள் கேட்டதில் தப்பில்லை. பரதவர் வீட்டுப் பிள்ளைகளுக்கோ கடல் அப்பா வேலைக்குப் போகிற இடம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். நல்லெண்ணெய் மேலே மிதக்க, வறுத்த நிலக்கடலை போட்டுக் கிண்டிய புளிச்சோறு, தயிர்ச்சோறு, பருப்புத் துவையல், எல்லாம் தூக்குவாளிகளில். அப்பளத்தைப் பொரித்துக்கொண்டு வருகிறவர் ஊருக்குப் புதியவர் என்று தெரிந்துவிடும். கடல்காற்றில் ஐந்து நிமிடத்தில் நமுத்துப்போகும். பெட்டியைத் திறந்ததும் கேக்கின் கிரீம் மேல் மணல் பொடிப்பொடியாக ஒட்டும். மேல்பூச்சை வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம்.

மெழுகுவத்தி வேறு. விளக்கை வாயால் ஊதி அணைப்பது நம் வீடுகளில் ஆகாது. கடற்கரையில் அந்த வழக்கே எழவில்லை. நாலு பேர் கையைக் குவித்து மறைத்தாலும், பிள்ளை குனிவதற்குள் காற்று அணைத்துவிடும். பிறகு பாட்டு, கைதட்டல். யார் அணைத்தது என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு தை மாதம் ஆச்சியே விசிட் விசாவில் வந்தாள். பேத்தி, தான் பள்ளிக்கூடத்தில் படித்ததை ஆச்சிக்குச் சொன்னாள்: எண்ணெய் கிடைப்பதற்கு முன் இந்தக் கடலோரத்து மக்கள் முத்துக்குளித்துத்தான் பிழைத்தார்கள், 1930-களில் உலகெங்கும் வியாபாரம் படுத்ததாலும், ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்ததாலும் அந்தத் தொழில் நொடித்தது. ஆச்சி விடவில்லை. “நம் கொற்கை முத்து அதற்கெல்லாம் முந்தியது, தெரியுமா?” என்று ஆரம்பித்துவிட்டாள். தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் பின்வாங்கி, கொற்கை இன்று உள்ளே தள்ளி நிற்கிற கதையைச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். பக்கத்து விரிப்பில் இருந்த மலையாளக் குடும்பமும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் ஓர் உருண்டை போனது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஆற்றில் மணல் இருந்த காலத்தில், சித்ரா பௌர்ணமி இரவில் குடும்பத்தோடு தாமிரபரணிக் கரைக்குக் கட்டுச்சோறு கொண்டுபோன வழக்கம் நம்முடையது. ஜுமேராவில் நாங்கள் செய்ததும் அதையேதான்; கேக் மட்டும் கூடுதல். அயல்நாட்டு மோகம் என்று ஏசுகிறவர்கள் தூக்குவாளியைத் திறந்து பார்க்கட்டும்.

ஊர் திரும்பிய பிறகும் மகள் கடற்கரைதான் வேண்டும் என்கிறாள். பூசத்தன்று திருச்செந்தூரில் பாதயாத்திரைக் கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது. தேதிப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை உவரிக்குப் போகலாம் என்று பேச்சு. வேன் பிடித்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று என் அத்தை இப்போதே பட்டியல் போடுகிறாள்.

நன்றி, வணக்கம்.