பேரிக்காய் இலையைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு பேரிக்காய் மரம் வைத்திருப்பவர்களிடம் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஒற்றை மரம் என்றால் அதன் கிளை, கொழுந்து எல்லாம் நமக்கு அத்துப்படி. அதனால்தான் இலையில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் மனசு பதறுகிறது. அந்தப் பதற்றத்தில் கையில் கிடைத்த மருந்தை அடித்துவிடுகிறோம்.

நானும் அப்படி அடித்தவன்தான். ஒரு வருஷம் மரம் துளிர்விட்ட கையோடு, இளம் இலைகளில் நடுநரம்பின் இரண்டு பக்கமும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள் கிளம்பின. பூஞ்சை என்று நானே முடிவுகட்டி இரண்டு தடவை பூஞ்சைக்கொல்லி தெளித்தேன். கொப்புளங்கள் கறுத்தன, குறையவில்லை. காரணம், அது நோயே இல்லை. இலைச் சதைக்குள் குடியிருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனின் வேலை. குளிர்காலத்தில் மொட்டுச் செதில்களுக்குள் பதுங்கிக் கிடந்து, துளிரோடு வெளியே வரும். சின்ன மரத்தில் அந்த இலைகளை ஆரம்பத்திலேயே கிள்ளி எடுத்துவிட்டால் பெரும்பாலும் போதும். நான் தெளித்தது அத்தனையும் வீண்.

அன்றிலிருந்து மருந்தைத் தொடும் முன் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். மேல்பக்கத்தில் பளீரென்று ஆரஞ்சு நிறப் புள்ளிகள். கோடை கழியும்போது அதே இடத்தில் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டியாகக் கூம்புகள் தொங்குகின்றன என்றால், அது துரு நோய். இந்தப் பூஞ்சைக்கு இரண்டு வீடு. குளிர்காலத்தை ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியில் கழிக்கும். மழை ஈரத்தில் அங்கிருந்து வித்துகள் காற்றேறிப் பேரிக்காய்க்கு வரும். ஒரு பேரிக்காய் இலையிலிருந்து இன்னொரு பேரிக்காய் இலைக்கு அது தாவாது. ஆகவே பயப்பட வேண்டாம். ஓரளவு துருவை மரம் தாங்கிக்கொள்ளும். பக்கத்தில் உள்ள ஜூனிப்பரில் வீங்கிய கிளை தெரிந்தால் அதை வெட்டிவிடுங்கள்.

ஆலிவ் பச்சையும் கருமையும் கலந்து, வெல்வெட் துணிபோல் மெத்தென்று படர்ந்திருந்தால் சொறி நோய். காயிலும் ஏறும், காய் கோணலாகி வெடிக்கும். ஊதாவும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாகப் பெருகி, இலை மஞ்சளித்துக் காலத்துக்கு முன்பே கொட்டினால் இலைப்புள்ளி நோய். இவை இரண்டுக்கும் ஈரம்தான் உயிர். கிளைகளைக் கவாத்து செய்து காற்றோட்டம் கொடுங்கள். தண்ணீரை வேருக்கு விடுங்கள், இலைமேல் பீய்ச்ச வேண்டாம். இரண்டு பூஞ்சைகளுமே உதிர்ந்த சருகில் குளிர்காலத்தைக் கழிப்பவை. ஆகவே சருகைக் கூட்டி அப்புறப்படுத்துவது பாதி வைத்தியம்.

புள்ளியே இல்லாமல் கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வரும். இதற்குப் பூஞ்சைக்கொல்லி எதுவும் செய்யாது.

நான் உண்மையிலேயே அஞ்சுவது தீக்கருகல் நோய்க்குத்தான். தளிர் நுனி ஊன்றுகோலின் கைப்பிடிபோல் வளைந்து தொங்கும். இலைகள் நெருப்பில் வாட்டியதுபோல் கறுத்து, உதிராமல் கொம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர நாளில் பட்டையிலிருந்து தேன் நிறத்தில் பிசின் கசியும். இது பூஞ்சை அல்ல, பாக்டீரியா. செடிக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்று 1880களில் அமெரிக்காவில் முதன்முதலாகத் தெளிந்தது இந்த நோயை ஆராய்ந்தபோதுதான். மழைச் சாரல், பூவுக்குப் பூ போகும் தேனீ, நம் கத்தரி, மூன்றுமே இதைப் பரப்பும். காய்ந்த நாளாகப் பார்த்து, கருகல் தெரியும் இடத்துக்கு 30 செ.மீ. கீழே, நல்ல கட்டையில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். கை வலிக்கும், பொறுமை போகும்; இருந்தாலும் ஒரு வெட்டுக்கும் விட்டுவிடாதீர்கள். தழைச்சத்து உரத்தையும் அந்த வருஷம் நிறுத்திவையுங்கள். கொழுகொழுவென்று வளரும் இளந்தளிரைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. இலையில் விழுந்துவிட்ட புள்ளியை எந்தத் தெளிப்பும் அழிக்காது. மருந்து என்பது இனி வரும் வித்து முளைக்காமல் காக்கும் போர்வை. ஆகவே பூஞ்சைக்குத் தெளிப்பதானால் மொட்டு வீங்கும் சமயத்தில், பச்சை தலைகாட்டும் முன்பே தெளிக்க வேண்டும். பழைய போர்டோ கலவை இன்றைக்கும் பயன்படுகிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். சுத்தமான இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். இலை விரிந்த பிறகு, குளிர்ந்த ஈர நாளில் இதைத் தெளித்தால் இலையே கருகும், காயின் தோலும் சொரசொரக்கும். செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைப் பாதிக்கும் என்பதால் வருஷம் தவறாமல் அடிப்பதை நான் ஏற்பதில்லை.

என்ன நோய் என்று பிடிபடவில்லையா? நோய்ப்பட்ட இலை, பாதி பட்ட இலை, நல்ல இலை மூன்றும் உள்ள ஒரு சிறு கொம்பை வெட்டி, காய்ந்த தாளில் சுற்றி, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். தீக்கருகல் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் கொம்பை எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். வளைந்த நுனியையும் கசியும் பட்டையையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள்.