இரண்டாவது போர்டுக்கான காசு

பெரியோர்களே, பெற்றோர்களே, உயர்தரம் முடித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

திருகோணமலையில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவக் கேட்டால் யாரும் பின்நிற்பதில்லை. ஆனால் ஒரு பொறியியல் மாணவி வந்து, "இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு ஒரு மோட்டார் வாங்க வேண்டும்" என்றால், "அது கம்பஸ் பார்க்க வேண்டியது" என்று அனுப்பிவிடுகிறோம். அந்தக் காசைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2004 சுனாமியில் நம் கரையோரக் கிணறுகள் உப்பாகிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதை மனதில் வைத்து, கிணற்று நீரின் உப்பை அளக்கும் கருவியொன்றை என் இறுதியாண்டில் செய்தேன். உப்பு கூடக்கூட நீர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும். அதை அளந்தால் போதும். செய்த ஒரே சர்க்கிட் போர்டு எரிந்தது. இன்னொன்றுக்குக் கையில் காசில்லை. அறிக்கையைக் கணக்குகளால் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். முதல் நேர்முகத் தேர்வில், "எந்தக் கிணற்றில் அளந்தீர்கள்?" என்று கேட்டார்கள். பதில் இல்லை.

என் நண்பனுக்கோ அவனுடைய ஊர்ச் சங்கம் சிறு தொகை கொடுத்திருந்தது. அவனும் அதே மாதிரிக் கருவிதான் செய்தான். ஒரே திசையில் பாயும் நேரோட்டம் கொடுத்தால் நீருக்குள் விடும் மின்வாய்களில் மாற்றம் ஏற்பட்டு அளவீடு பிழையாகும், திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம்தான் வேண்டும் என்பதைக் கிணற்றடியில் நின்று கண்டுபிடித்தான். இரண்டாவது போர்டை அதற்கேற்றபடி செய்தான். நேர்முகத் தேர்வில் அரைமணி நேரம் அதையே பேசினான். வேலையும் கிடைத்தது. அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று நான் நினைக்கவில்லை. தவறைத் திருத்த அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது.

ஃபோர்முலா ஸ்டூடன்ட் என்ற போட்டி 1998 முதல் பிரித்தானியாவில் நடக்கிறது. மாணவர்கள் தாங்களே பந்தயக் கார் கட்டி வருவார்கள். அங்கே ஓட்டத்துக்கு மட்டும் புள்ளி இல்லை. "இந்தப் பாகத்துக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்று தொழிற்துறைப் பொறியியலாளர்கள் கேட்பார்கள், பிள்ளைகள் விளக்க வேண்டும். வேலைக்குப் போன முதல் மாதமே நமக்குத் தேவைப்படுவது அந்தப் பழக்கம்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? மொத்தமாகக் கொடுக்காமல் பகுதி பகுதியாகக் கொடுப்போம். பற்றுச்சீட்டுக் கேட்போம். உடைந்துபோகும் பொருளுக்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்குவோம். "பாழாக்கிவிட்டாயே" என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். அனுபவமுள்ள பொறியியலாளர் ஒருவர் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

இந்த வருடம் ஒரு செயற்திட்டத்தின் இரண்டாவது போர்டுக்கான செலவை நான் ஏற்கிறேன். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பிள்ளைகளும் கேட்கலாம். என்னோடு சேர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னைச் சந்தியுங்கள்.