84 வயதில் ஒன்றாம் வகுப்பு! பீஸ் போனது, யூனிபார்ம்?

வணக்கம் நண்பர்களே!

2004 ஜனவரி. கென்யாவில் எல்டொரெட் நகரப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பில் சேர ஒருவர் வந்து நிற்கிறார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட சாக்ஸ், கையில் ஊன்றுகோல். வயது 84! பெயர் கிமானி மருகே. அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் ஏற்கெனவே அதே பள்ளியில் படிக்கிறார்கள். தாத்தா எதற்கு வந்தார்? பைபிளைத் தானே எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும், பிரசங்கியார் சொல்வது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும். கின்னஸிலும் இவர் பெயர் ஏறியது.

[திரையில்: கென்யா வரைபடம்]

சரி, பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கக் கல்வி இலவசமாக இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் 1948-லேயே சொன்னது. கென்ய அரசுப் பள்ளிகளில் கட்டணம் நீங்கியதோ 2003 ஜனவரியில். ஒரே வருடத்தில் மாணவர்கள் சுமார் 59 லட்சத்திலிருந்து 72 லட்சம் ஆனார்கள். அந்த வேகத்துக்கு ஆசிரியர்கள் கூடவில்லை. சில வகுப்புகளில் ஒரே ஆசிரியர் முன்னால் நூறு பிள்ளைகள். இன்னொரு ஆப்பிரிக்க நாடான மலாவி 1994-லேயே கட்டணத்தை நீக்கி, இந்த நெரிசலைப் பார்த்துவிட்டது: சில வாரப் பயிற்சியோடு ஆயிரக்கணக்கானவர்களை ஆசிரியர்களாக்கி, மரத்தடியில் வகுப்பு நடத்தினார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். யூனிபார்ம்!

கென்ய அரசு ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 1,020 ஷில்லிங் ஒதுக்கியது. புத்தகம், சாக்பீஸ், கட்டட மராமத்து எல்லாம் அதில் அடக்கம். சீருடை அடக்கமில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள் என்றால் நான்கு செட். அது ஏழை வீட்டில் எங்கிருந்து வரும்? சீருடை இல்லாத பிள்ளை வகுப்பில் கூசிக் குறுகி உட்கார வேண்டும், இல்லையென்றால் வீட்டிலேயே நின்றுவிடும். மேற்கு கென்யாவில் ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் விழுந்த பிள்ளைகளுக்கு இலவசமாகச் சீருடை கொடுத்தார்கள். பாடத்திட்டமும் ஆசிரியரும் பழையபடியேதான். ஆனால் சீருடை கிடைத்தவர்கள் லீவு போடுவது நன்றாகவே குறைந்தது! ஒரு சட்டை, ஒரு நிக்கர். அவ்வளவுதான் அந்தப் பிள்ளையைத் தடுத்து வைத்திருந்தது. "பீஸ் இல்லை, இனி எல்லோரும் படிக்கலாம்" என்று எந்த அரசு அறிவித்தாலும், நான் முதலில் கேட்பது இதைத்தான்: துணி யார் வாங்கித் தருவது?

அப்புறம் மருகே தாத்தா. 2005-ல் நியூயார்க் போய், இலவசக் கல்வி வேண்டும் என்று ஐ.நா.வில் பேசினார். 2007 தேர்தலுக்குப் பின் வந்த கலவரத்தில் அகதி முகாமில் இருந்தபோதும், நான்கு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனார். கடைசியில் நைரோபி முதியோர் இல்லத்துக்கு மாறினார்; அங்கேயும் ஒரு பள்ளியில் சேர்ந்துகொண்டார். 2009 ஆகஸ்டில் காலமானார்.

உங்கள் தாத்தா, பாட்டி எத்தனையாவதோடு நின்றார்கள்? எது நிறுத்தியது? கமென்டில் எழுதுங்கள், ஒன்றுவிடாமல் வாசிப்பேன்.