கேம் பெட்டியில காணாம போன சின்ன புக்கு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தென்னாப்பிரிக்காவுல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஸ்டேங்கர், இன்னும் எங்கெங்க இருந்து கேக்குறீங்களோ எல்லாருக்கும் வணக்கம். நான் சாட்ஸ்வொர்த்ல பழைய டிவி கேம் வாங்கி விக்கிற சின்ன கடை வச்சிருக்கேன், தினமும் என் கைக்கு பெட்டி பெட்டியா வருது, ஒவ்வொண்ணையும் திறந்து டிஸ்க் கீறியிருக்கா, உள்ள புக்கு இருக்கான்னு பாக்குறதுதான் என் வேலை. அந்த புக்கைப் பத்தித்தான் இன்னிக்கு பேசப்போறேன். மேனுவல்னு சொல்வோமே, எந்த பட்டனை அமுக்குனா என்ன ஆகும், கதை என்ன, எதிரி யாரு, எல்லாம் போட்டு ஸ்டேப்ளர் பின் அடிச்சு வருமே, அது.

2005 வாக்குல வந்த ஒரு பெட்டியைத் திறங்க, வலது பக்கம் டிஸ்க், இடது பக்கம் புக்கு. இப்ப வர்றதைத் திறங்க, இடது பக்கம் காலி, இல்லன்னா ஒரு விளம்பரத் துண்டு, இல்லன்னா வலிப்பு வரலாம் ஜாக்கிரதைன்னு ஒரு எச்சரிக்கைத் தாள். புக்கைப் புடிச்சு வைக்கச் செஞ்ச பிளாஸ்டிக் கிளிப் மட்டும் நிறைய பெட்டியில இன்னமும் இருக்கு. சின்ன பசங்க என்கிட்ட கேக்குறாங்க அங்கிள் இது எதுக்குன்னு.

முதல்ல இந்த புக்கு ஏன் வந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா காரணம் ரொம்ப அழகானது. 1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள்ள அடங்குன கேம். இன்னிக்கு நீங்க போன்ல எடுக்கிற ஒரு போட்டோவே 3, 4 மெகாபைட் வரும், அதாவது அந்த முழு கேமையும் விட எழுபத்தஞ்சுல இருந்து நூறு மடங்கு பெருசு. அவ்வளவு சின்ன இடத்துல ஆட்டத்தை வைக்கலாம், கதையை எங்க வைக்கிறது? கதையை காகிதத்துல வச்சாங்க. அந்த மேனுவலைப் படிச்சவங்களுக்குத்தான் தெரியும், அந்த ராஜ்யத்து ஜனங்களை எல்லாம் மந்திரம் போட்டு கல்லாவும் செங்கல்லாவும் செடியாவும் மாத்திட்டாங்க, அந்த மந்திரத்தை எடுக்க இளவரசியால மட்டும்தான் முடியும், அதனாலதான் மாரியோ அவளைத் தேடி ஓடுறான். திரையில இதுல ஒரு வரி கூட வராது.

எங்க வீட்டுல இதை என் தங்கச்சிதான் படிச்சா. கப்பல்ல வேலை பாத்த எங்க மாமா வெளிநாட்டுல இருந்து அசல் நிண்டெண்டோ கேம் மிஷின் ஒண்ணு கொண்டு வந்தாரு, நான் கண்ட்ரோலரை விடவே மாட்டேன், அவ முறைக்கு காத்துக்கிட்டு அந்த புக்கை மடியில வச்சு ஒவ்வொரு பக்கமா படிப்பா, படிச்சு தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல ஆயாவுக்கும் சொல்லுவா. செங்கல்லுன்னா அது ஜனங்கன்னு சொன்னதும் ஆயா நிமிந்து உக்காந்து, அப்ப ஏன்டா அதைப் போய் முட்டி முட்டி உடைக்கிறேன்னு என்னைக் கேட்டாங்க. அதுக்கப்புறம் ஆயா எங்க கூடவே உக்காந்து பாப்பாங்க, வழி சொல்லுவாங்க, அந்தப் பக்கம் போகாதடான்னு சத்தம் போடுவாங்க. கண்ட்ரோலரைத் தொட்டதே இல்ல, ஆனா அவங்களும் ஆடுனவங்கதான்.

நான் இன்னிக்கு சொல்ல வந்ததே இதுதாங்க. மேனுவல்னா கேம் எப்படி ஆடுறதுன்னு சொல்ற தாளுன்னு மட்டும் நினைக்காதீங்க. கண்ட்ரோலர் கையில இல்லாதவங்களுக்கும் அந்த ஆட்டத்துல ஒரு பங்கு குடுத்தது அதுதான், தங்கச்சிக்கு, ஆயாவுக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு, கடையில இருந்து வீட்டுக்கு வர்ற வழியில பஸ்லயே பெட்டியைப் பிரிச்சுப் படிக்கிற பையனுக்கு. புக்கு போனதும் அந்தப் பங்கும் போயிடுச்சு, இப்ப யார் ஆடுறாங்களோ அவங்களுக்கு மட்டும் திரையில ஒவ்வொரு வரியா சொல்லித் தருது, பக்கத்துல இருக்கிறவங்க போனைத்தான் பாக்குறாங்க.

மேனுவல் இல்லாம ஆடுனா எப்படி இருக்கும்னு நம்ம ஊருக்காரங்களுக்கு நல்லாவே தெரியும், ஏன்னா நம்மள்ல பாதி பேரு வளந்ததே நிண்டெண்டோவைக் காப்பி அடிச்சு வந்த கோல்டன் சைனாலதான். அந்த மிஷின்ல போடுற கார்ட்ரிட்ஜ் மேல ஒரு படம் ஒட்டியிருக்கும், உள்ள வேற கேம் இருக்கும், புக்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அண்ணன் சொல்லுவான், அண்ணனுக்கு அவன் ஃபிரண்டு சொல்லியிருப்பான், அப்படியே வாய் வழியா வந்ததுதான் எல்லாம். அப்புறம் காப்பி டிஸ்க்கும் ஓடுற மாதிரி சிப் போட்ட பிளேஸ்டேஷன் காலம், பிளாஸ்டிக் உறைக்குள்ள காப்பி டிஸ்க், பேனால எழுதுன பேரு. 1998ல மெட்டல் கியர் சாலிட்னு ஒரு கேம் வந்துச்சு, அதுல ஒரு இடத்துல ஒரு பொண்ணுகிட்ட ரேடியோல பேசணும், எந்த அலைவரிசைன்னு கேட்டா சிடி பெட்டிக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்றாங்க. பெட்டியா? எங்ககிட்ட ஏது பெட்டி? அந்த இடத்துல எங்க தெருவுல எல்லாருமே நின்னுட்டோம், 140.15ன்னு யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சு அது பள்ளிக்கூடத்துல கைமாறி கைமாறி வந்துச்சு. பிற்பாடு அசல் பெட்டி கைக்கு வந்தப்ப, பின்பக்கம் அச்சடிச்ச ஒரு சின்ன படத்துல அந்த நம்பர் இருந்ததைப் பாத்து நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

காகிதத்தையே ஆட்டத்துக்குள்ள இழுத்தவங்க இன்னும் இருக்காங்க. 1990ல வந்த ஸ்டார்ட்ராபிக்ஸ்ல பெட்டிக்குள்ள ஒரு கடிதம் வச்சிருந்தாங்க, கதையில வர்ற பையனோட மாமா எழுதுன கடிதம், ஒரு கட்டத்துல அதைத் தண்ணியில நனைன்னு கேம் சொல்லும், நனைச்சா மறைஞ்சிருந்த எழுத்து தெரியும், அதுல 747ன்னு ஒரு நம்பர், அது இல்லாம மேல போக முடியாது. வாடகைக்கு எடுத்தவங்க, செகண்ட் ஹேண்ட் வாங்குனவங்க பாடு கஷ்டம்தான். செல்டாவோட முதல் கேம்ல வரைபடம் குடுத்தாங்க, அதுவும் முழுசா இல்ல, சில இடத்தை வெறுமையா விட்டு நீயே கண்டுபிடிச்சு வரைஞ்சுக்கோன்னு விட்டாங்க. கம்ப்யூட்டர் கேம்ல பலது திருட்டுக் காப்பியைத் தடுக்க மேனுவலையே பூட்டா வச்சிருந்துச்சு, 1989ல வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, முதல் லெவல் முடிஞ்சதும் இத்தனாம் பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது வார்த்தையோட முதல் எழுத்து என்னன்னு கேக்கும், புக்கு இருக்கிறவன்தான் உள்ள போவான். ஜிடிஏ வைஸ் சிட்டி கேமோட மேனுவலை, கதை நடக்கிற அந்த ஊருக்கு சுத்திப் பாக்க வந்தவங்களுக்குத் தர்ற கைடு மாதிரியே செஞ்சிருப்பாங்க, இதெல்லாம் செய்யணும்னு யாரும் கட்டாயப்படுத்தல, மனசு வச்சு செஞ்சாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசிப் பக்கம். மெமோன்னு போட்டு வெறும் கோடு இருக்கும், அதுல விட்ட இடத்துல இருந்து தொடர பழைய கேம் குடுக்கிற பாஸ்வேர்டை எல்லாம் பென்சில்ல எழுதி வச்சிருப்பாங்க, சிலது ஸ்பெல்லிங் தப்பா, சிலது அம்மா எழுத்துல, ஏன்னா பையன் படுத்துத் தூங்கியிருப்பான், அம்மாவை எழுதி வைக்கச் சொல்லியிருப்பான். அந்த மாதிரி புக்கை வெளிநாட்டுல சேகரிக்கிறவங்க அழுக்குன்னு சொல்லி விலையைக் குறைப்பாங்க. நான் குறைக்கிறதில்ல.

சரி, எப்ப போச்சு? ஒரே நாள்ல போகல. 2010 ஏப்ரல்ல கேம் வெளியிடுற யூபிசாஃப்ட் கம்பெனி வெளிப்படையா சொன்னாங்க, இனிமே எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 கேமுக்கு அச்சடிச்ச புக்கு கிடையாது, எல்லாம் கேமுக்கு உள்ளயே டிஜிட்டலா இருக்கும்னு. சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு காரணம் சொன்னாங்க, மரம், தண்ணி, கார்பன்னு கணக்கும் குடுத்தாங்க. மத்த கம்பெனியும் ஒவ்வொண்ணா பின்னாலயே போச்சு. 2013ல பிளேஸ்டேஷன் 4 வந்தப்ப பெரும்பாலும் வெறும் பெட்டிதான், 2017ல நிண்டெண்டோ ஸ்விட்ச் மிஷின் வந்தப்ப அதுதான் வழக்கம்னு ஆயிடுச்சு.

மரத்தைக் காப்பாத்துறது நல்லதுதான், நான் அதை எதுக்கப் போறதில்ல. ஆனா அது மட்டும் காரணம் இல்ல. அச்சுக்கூலி மிச்சம், எடை குறைஞ்சா கப்பல் கூலி மிச்சம், மொழிக்கு ஒரு பதிப்பு போடுற தலைவலி மிச்சம். இன்னொரு நியாயமான காரணமும் இருக்கு, கேம் முழுசா முடியறதுக்கு முன்னாடியே புக்கை அச்சுக்கு அனுப்பியாகணும், இப்ப கேம் கடைக்கு வந்த முதல் நாளே இன்டர்நெட்ல அப்டேட் வருது, அப்டேட் வந்தா பட்டனே மாறலாம், அச்சுல இருக்கிறது தப்பாயிடும். இதை நான் ஒத்துக்குறேன். ஆனா கதையும் படமும் வரைபடமும் அப்டேட்டால தப்பாயிடுமா? பக்கம் குறைச்சு அதையாவது வைங்கன்னுதான் கேக்குறேன்.

வெப்சைட்ல பாருன்னு ஒரு அட்ரஸ் அச்சடிச்சு வச்சுடறாங்க. நம்ம நாட்டுல டேட்டா என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும், டேட்டாவுக்குக் காசு இல்லாததாலதானே பல பேரு டிஸ்க்கே வாங்குறாங்க. கம்பெனி மூடுனா அந்த வெப்சைட்டும் போச்சு. லோட் ஷெடிங் ரொம்ப மோசமா இருந்த 2023ல கரண்ட் போனதும் எங்க வீட்டு மேசையில ரீசார்ஜ் லைட்டை வச்சுக்கிட்டு பசங்க என் பழைய மேனுவல்களைத்தான் எடுத்துப் புரட்டுனாங்க, ஆடாத கேமோட கதையை எல்லாம் பேசுனாங்க, வரைபடத்தைப் பாத்து எங்க போகணும்னு சண்டை போட்டாங்க. திரைக்குள்ள இருக்கிற மேனுவல் கரண்ட் போனா கூடவே போயிடும்ல.

இந்த ஏக்கம் எனக்கு மட்டும் இல்லன்னு 2022ல தெரிஞ்சுது. ட்யூனிக்னு ஒரு கேம், சின்ன நரி ஒண்ணு சுத்தும், அதுல நீங்க தேடிப் பொறுக்குறது மத்த பொருளோட கூட மேனுவலோட பக்கங்களையும்தான். ஒவ்வொரு பக்கமா கிடைக்கும், பாதி யாருக்கும் புரியாத எழுத்துல இருக்கும், படத்தையும் ஓரத்துல கிறுக்கியிருக்கிறதையும் பாத்து புரிஞ்சுக்கணும், பல நாளா கையில இருந்த பட்டனுக்கு இப்படி ஒரு வேலை இருக்கான்னு அப்பதான் தெரியும். புரியாத மொழியில இருக்கிற மேனுவலை வச்சுக்கிட்டு படம் பாத்து ஆடுன பிள்ளைகளோட அனுபவம் அது. நம்ம வீட்டுக்கு வந்த மேனுவல்ல இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன்னு வரிசையா இருக்கும், ஐரோப்பாவுக்குப் போற பதிப்புதானே நமக்கும் வந்துச்சு. ஜூலுல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு, என் கடை வாழ்க்கையில நான் பாத்ததே இல்ல.

அதனாலதான் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவுல வெளியான பிளேஸ்டேஷன் 2 கேம்களோட மேனுவலை எல்லாம், 1,900 வரைக்கும் இருக்கும், நல்ல தரத்துல ஸ்கேன் பண்ணி 2022ல இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இலவச ஆன்லைன் நூலகத்துல ஏத்திட்டாங்க, தனி மனுஷங்க சொந்தக் காசுல சொந்த நேரத்துல செய்ற வேலை இது. ஆனா அது அமெரிக்கப் பதிப்பு. நமக்கு வந்த பதிப்பு உங்க வீட்டு கராஜ்லயும் கட்டிலுக்கு அடியிலயும்தான் கிடக்குது. வீடு மாறுறப்ப, தாத்தா வீட்டைக் காலி பண்றப்ப, டிஸ்க்கை எடுத்துக்கிட்டு புக்கைக் குப்பையில போடுறாங்க, அதை நான் என் கண்ணால பாத்திருக்கேன், மனசு கேக்கல.

ஸ்கேன் பண்ணணும்னா கத்தியோட முனையில பின்னை மெதுவா நிமித்தி எடுங்க, இழுக்காதீங்க, துருப் பிடிச்ச பின்னா இருந்தா காகிதம் கிழியும். பக்கத்தைத் தனித்தனியா வச்சு, ஸ்கேனர்ல தெளிவை 600 டிபிஐன்னு வச்சு எடுங்க, அட்டைக்கு உள்பக்கத்தை விட்டுடாதீங்க, வெறும் மெமோ பக்கமா இருந்தாலும் எடுங்க, பென்சில் எழுத்து இருந்தா அழிக்காதீங்க. முடிஞ்சதும் அதே ஓட்டையில பின்னை வச்சு மடக்கிடலாம். ஸ்கேனர் இல்லாதவங்க என் கடைக்குக் கொண்டு வாங்க, காசு வேணாம், எடுத்துட்டு புக்கை உங்ககிட்டயே திருப்பித் தந்துடறேன். நன்றி, வணக்கம்.