விதி எழுதினவங்களுக்கு விழுந்த அடி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பேஸ்பாலில் சுவை மிகுந்தது நியூயார்க் விதிகளுக்கு முந்தைய ஆட்டமே' என்பது எங்கள் அணி.

எதிரணி அம்மா கேட்டாங்க: "ஓடுறவன் முதுகுல பந்தை எறிஞ்சு அவுட் ஆக்குறது ஆட்டமா, அடிதடி கேஸா?" நீங்க கைதட்டினீங்க. பாவி, நானும் தட்டிட்டேன்! அம்மா, அந்தப் பழைய ஆட்டம் ஆடின அமெரிக்காவோட மாசச்சூசெட்ஸ் மாநிலத்துல எறிஞ்சது மெத்துன்னு இருக்கிற பந்து. எடையில இன்னிக்குப் பந்துல பாதிதான். முதுகு சிவக்கும், கேஸ் நிக்காது. இதைத் தாண்டிப் பந்து வெளியே போனா செல்லாதுங்கிற ஃபவுல் கோடும் கிடையாது. பின்னால தட்டிவிட்டாலும் ஓடலாம்.

இதெல்லாம் கூடாதுன்னு 1845-ல 20 விதி எழுதினாங்க நியூயார்க் நிக்கர்பாக்கர் சங்கத்துக்காரங்க. எதிரணியோட குலதெய்வம்! மறு வருஷம் ஜூன் 19, ஹட்சன் ஆத்தைத் தாண்டி ஹோபோக்கன்ல, எலிசியன் ஃபீல்ட்ஸ்ல மேட்ச். விதி யாரோடது? இவங்களோடது. வழக்கமா ஆடுற மைதானம் யாரோடது? இவங்களோடது. எதிர்ல 'நியூயார்க் நைன்'ங்கிற அணி. நாலே இன்னிங்ஸ். ஸ்கோர் 23-க்கு 1.

யாருக்கு 23-ன்னு கேளுங்க. எதிராளிக்கு!

பின்வரிசைக்குக் கேக்கலையாம், திரும்பச் சொல்றேன். கேள்வித்தாள் தயாரிச்ச வாத்தியாரே பரீட்சை எழுதி, ஒரே ஒரு மார்க் வாங்கினார்!

இன்னும் இருக்கு. அந்த மேட்ச்சுல கெட்ட வார்த்தை பேசினதுக்கு 6 சென்ட் அபராதம். தோத்தவனுக்கா? இல்லைங்க, ஜெயிச்ச பக்கத்து டேவிஸுக்கு! 23 அடிச்சவனுக்குத் திட்ட என்ன இருக்கு? அந்த ஒண்ணு எப்படிடா போச்சுன்னு திட்டியிருப்பான்!

நடுவர் மணியில கை வைக்கிறார். ஐயா, ஒரே நிமிஷம்.

கிராமத்துப் பையனுக்கு அந்தக் காலத்துல பந்து கடையில இருந்து வரல. கிழிஞ்ச காலுறையைப் பிரிச்சு, நூலை இறுக்கிச் சுத்தி, மேல தோலை வச்சுத் தைக்கணும். எத்தனை வீட்டுல அந்த ஊசியைப் பிடிச்சது அம்மாவோட கை! அந்தப் பந்தைத் தூக்கிட்டு ஓடினா, 1791-ல அதே மாசச்சூசெட்ஸ்ல பிட்ஸ்ஃபீல்டு ஊர்ல சட்டமே போட்டாங்க: புதுசாக் கட்டின சபைக் கட்டடத்துக்கு 80 கஜத்துக்குள்ள பேஸ்பால் ஆடக்கூடாது, ஜன்னல் உடையுதாம்.

ஜன்னலுக்குப் பரிஞ்சு பேச சட்டம் இருந்துச்சு. அந்தப் பிள்ளைங்களுக்குப் பரிஞ்சு பேச இன்னிக்கு உங்களை விட்டா யாருங்க ஐயா இருக்கா? பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.