யாருக்கும் சொந்தமில்லாத பேய்ப்படம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். பேய்ப்படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "வேற விஷயமே கிடைக்கலையா?" என்று வீட்டில் கேட்டார்கள். இது நானே கேட்டு வாங்கிய தலைப்பு. இளவயதில் ஹட்டன் டவுனில் வீடியோ கொப்பி வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தேன். இப்போதும் அதே தொழிலின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய கலியாணக் கொப்பிகளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன். அதனால் படத்தோடு சேர்த்து அது சுமந்து வந்த கொப்பியைப் பற்றியும் பேச்சு வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் பெயர் 'நைட் ஒஃப் த லிவிங் டெட்'. 1968இல் வந்தது. எடுத்தவர் ஜோர்ஜ் ரொமேரோ. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் நண்பர்களோடு விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த இளைஞர். பத்துப் பேர் ஆளுக்கு 600 டொலர் போட்டு ஆரம்பித்தார்கள். அங்கே இங்கே கேட்டு, கடைசியில் 114,000 டொலர் அளவில் படத்தை முடித்தார்கள். சினிமாக் கணக்கில் அது சில்லறைக் காசு. படம் கறுப்பு வெள்ளை. இரத்தத்துக்குச் சொக்லட் பாணியை ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவின் கல்லறையில் மலர்வளையம் வைக்கப் போகிறார்கள் உடன்பிறந்த இருவர். அங்கே செத்தவன் ஒருவன் எழுந்து வருகிறான். தப்பி ஓடுகிற பெண் ஒரு தனி வீட்டில் போய் அடைகிறாள். அந்த வீட்டில் மொத்தம் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே செத்தவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்களா என்றால் அதுதான் இல்லை. நிலவறையில் ஒளிவதா, மேலேயே இருந்து கதவைக் காப்பதா என்று விடிய விடியச் சண்டை. முடிவை நான் சொல்ல மாட்டேன். படம் வந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது, ஆனாலும் சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்தில் வானொலிக்கு நல்ல வேலை இருக்கிறது. கதாநாயகன் பலகை பலகையாக எடுத்து ஜன்னலில் ஆணி அடிக்கிறான், பக்கத்தில் ரேடியோ பேசிக்கொண்டே இருக்கிறது. செய்தி வாசிப்பவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது குரலிலேயே தெரிகிறது. உருவத்தை விட அந்தக் குரல்தான் எனக்கு அதிகம் பயம் காட்டியது. வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஐஸ் வைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

சரி, இப்போது ஒரு கதை. கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோயில் திருவிழா. லயத்துக்கு அப்போது கரண்ட் இல்லை. ஜெனரேட்டர், டிவி, கொப்பியை ஓட்டுகிற டெக் எல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு நான்தான் போனேன். தமிழ்ப் படம் இரண்டு போட்டு முடியும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகள் கம்பளிக்குள்ளே தூங்கிவிட்டார்கள். இளவட்டங்கள் மட்டும், "அண்ணே, அந்தப் பேய்ப்படத்தப் போடுங்க" என்று நின்றார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் கொண்டுவந்த கொப்பியிலிருந்து எங்கள் கடையில் எடுத்த கொப்பி அது. படத்தில் பேசுவதெல்லாம் இங்கிலிஷ். அதனால் நான் டிவி பக்கத்தில் நின்று, ஆள் பேசப் பேசத் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்காத இடத்தில் நானே கதை விட்டேன்.

முன் வரிசையில் சாக்கு விரித்து ஒரு அப்பாயி உட்கார்ந்திருந்தார். வெற்றிலையை மென்றுகொண்டு, முகத்தில் பயமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் படத்தில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எம்புட்டு நேரமா ஆணி அடிக்கிறான். ஒருத்தனாவது அதுககிட்ட என்னா வேணும்னு கேட்டானா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்த எதுவும் அந்த ஒரு கேள்விக்குக் கிட்ட வரவில்லை. நம் பக்கத்துப் பேய்க்கு ஒரு கணக்கு உண்டு. பாதியில் போன உயிர், தீராத ஆசை, செய்யாமல் விட்ட படையல். கோடாங்கி உடுக்கை அடித்து, "நீ யாரு, எங்கேருந்து வந்த, என்னா வேணும்?" என்று கேட்பார். அது கோழி கேட்கும், சாராயம் கேட்கும், சேலை கேட்கும். கொடுத்தால் மலையேறிவிடும். ரொமேரோவின் செத்தவர்களிடம் அப்படிப் பேசித் தீர்க்க வழியில்லை. அவர்களுக்கு நம்மோடு பகை கிடையாது, நம்மிடம் தீர்க்க வேண்டிய பாக்கியும் கிடையாது. பசி மட்டும்தான். பூசாரிக்கு வேலை இல்லாத பேய் அது. அப்பாயிக்கு அதுதான் பிடிக்கவில்லை. அது உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம் என்பது எனக்கு உறைக்க வெகு காலம் ஆனது.

இனி நான் ஆசையாகச் சொல்ல வந்த இடம். இந்தப் படம் எப்படிக் கொட்டகலை வரைக்கும் வந்தது? அது யாருக்கும் சொந்தமில்லாத படம், அதனால்தான்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1909இல் வந்தது. உரிமை யாருக்கு என்ற அறிவித்தல் படத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமை போய்விடும். இந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. ஏறக்குறைய அதே பெயரில் இன்னொரு படம் இருந்ததால், விநியோகஸ்தர் பெயரை மாற்றினார். உரிமை அறிவித்தல், படத்தின் தொடக்கத்தில் பெயர் காட்டுகிற பழைய பலகையோடு சேர்ந்து இருந்தது. பலகையை மாற்றினார்கள், அறிவித்தலைப் புதுப் பலகையில் போடவில்லை. அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. படம் வெளியான நாளிலிருந்தே ஊர்ச் சொத்து ஆகிவிட்டது.

வீடியோ வந்த காலத்தில் இதன் விளைவு தெரிந்தது. யார் வேண்டுமானாலும் கொப்பி அடிக்கலாம், ரொமேரோவுக்கு ஐந்து சதம் கொடுக்கத் தேவையில்லை. எத்தனையோ கம்பனிகள் கிடைத்த பிரிண்டை வைத்துக் கெசட் போட்டன. 1986இல் ஒரு கம்பனி படத்துக்குக் கலர் பூசியே விற்றது. எங்கள் கடையில் அன்று அடித்த கொப்பிகளில், அமெரிக்கச் சட்டப்படி குற்றமில்லாத ஒன்று என்றால் அது இதுவாகத்தான் இருக்கும்!

எடுத்தவர்களுக்கு இது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மலிவாகக் கிடைத்ததால்தான் படம் உலகம் முழுக்கப் பரவியது என்பதும் உண்மை. திரும்பவும் சொல்கிறேன், ஒரு வரி விடுபட்டதால் எடுத்தவர்கள் காசை இழந்தார்கள், படம் ஊரூராகப் போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்த படம் என்ன நிலையில் சேர்ந்தது? கெசட்டிலிருந்து கெசட்டுக்குக் கொப்பி எடுப்பது, ஒரே தூளில் நாலாம் தடவை ஊற்றுகிற தேத்தண்ணி மாதிரி. நிறம் மட்டும் இருக்கும், சாயம் இருக்காது. கறுப்பு வெள்ளைப் படத்தில் முதலில் போவது நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள். வெள்ளை பூத்துப்போகும், இருட்டு ஒரே கட்டியாகிவிடும். அப்போது அதிகம் அடிபட்டது கதாநாயகனின் முகம். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ், கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே 1968இல், அந்த வீட்டில் கட்டளை போடுகிற, வெள்ளைக்காரரோடு மோதுகிற பாத்திரத்தில் அவர் நடித்தார். அவருடைய நிறத்தைப் பற்றிப் படத்தில் யாரும் ஒரு சொல் பேசுவதில்லை. எங்கள் கொப்பியிலோ அவருக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான் இருந்தன.

பிறகு நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும், த ஃபிலிம் பவுண்டேஷன் என்ற அமைப்பும் மூல நெகட்டிவிலிருந்து படத்தை மீட்டெடுத்தார்கள். ரொமேரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். 2016இல் அது திரையில் ஓடியது. 2017 ஜூலையில் அவர் காலமானார். 2018 பெப்ரவரியில் கிரைட்டீரியன் கம்பனி புளூ ரே டிஸ்க்காக வெளியிட்டது. என் மருமகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது அதைக் கொண்டுவந்தான். போட்டுப் பார்த்தேன். ஆணி அடிக்கிற காட்சியில் டுவேன் ஜோன்ஸின் நெற்றியில் வியர்வை மினுங்குகிறது. பலகையில் மர ரேகை தெரிகிறது. எப்போதும் கறுப்புத் திட்டாகத் தெரிந்த மூலையில் ஒரு ஆள் நிற்கிறார். பழசு, மங்கல், அதனால்தான் பயம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெளிவாகத் தெரியும்போதுதான் அந்த முகங்கள் பக்கத்து வீட்டு முகங்கள் என்று தெரிகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். உங்கள் வீட்டுக் கொப்பிகளைப் பற்றித்தான் பாதி நேரம் பேச நினைத்து வந்தேன். சரி, அவசரமாகச் சொல்கிறேன். அலுமாரிக்கு மேலே கலியாணக் கொப்பியோ, காமன் கூத்து எடுத்த கொப்பியோ இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். நம் மலைப் பனிக்கும் மழைக்கும் டேப்பில் பூஞ்சணம் பிடிக்கும். கொப்பியில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுற்றின விளிம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், "ஓடுதான்னு பார்ப்போம்" என்று டெக்கில் போட வேண்டாம். டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கொப்பிக்கும் போகும், டேப்பும் அறுந்துவிடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெள்ளை இல்லாவிட்டாலும், ஒரு தடவை முழுக்கச் சுற்றித் திரும்பச் சுற்றி, அடுப்பங்கரையை விட்டுத் தள்ளி, புத்தகம் அடுக்குவது போல் நிமிர்த்தி வையுங்கள். எங்கே கொடுத்து மாற்றுவது, என்ன செலவு வரும் என்பதெல்லாம் இருந்தது, அதற்கு இன்னொரு நாள் அழைத்தால் வருகிறேன். வணக்கம்.